சுண்ணாம்பு கேட்காத மண்

இங்கே தேநீர் கறுக்கிறது. கப்பலேறி வருகிறவர்களிடம் நீங்கள் கொடுத்தனுப்பும் அதே தேயிலைதான். கும்மிடிப்பூண்டிக் கிணற்று நீரில் கொதித்ததும் அதன் செம்மை போய்விடுகிறது. மேலே மெல்லிய ஆடை படர்கிறது. கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறது. வந்த புதிதில் இதைத் தண்ணீரின் குறை என்று மட்டும் எண்ணினோம். மண்ணைப் பற்றியும் அது ஏதோ சொல்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இந்தியா திரும்புவோர் பட்டியலில் பெயர் வருவதற்காகச் சிலோன் மலையில் இன்னும் காத்திருக்கும் உங்களுக்கு முக்கியமாக இதைத்தான் எழுத நினைத்தேன்: இங்கே பாத்தி போடுமுன் மண்ணைச் சோதியுங்கள்.

நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் எல்லோரும் செய்ததை நீங்கள் அறிவீர்கள். ஓயாத மழையில் கழுவுண்ட மலைமண் புளித்த மண். சுண்ணாம்பு தூவாமல் அதில் போஞ்சிக் கொடி காய்க்காது. விதைக்குமுன் அப்பாவைக் கூப்பிட்டுப் பாத்தியைக் காட்டாத வீடு நம் லயத்தில் இல்லை. மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, இத்தனை பிடி என்று சொல்லுவார். தோட்டத்தில் கூலி என்று பதிவாகியிருந்த மனிதருக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அந்தப் பாத்திதான்.

அந்த மரியாதையை அவர் இங்கேயும் தேடினார். எங்களுக்குக் குடிசை போடத் தன் வீட்டுப் பின்புறத்தில் இடம் விட்ட கன்னியம்மாள், கனகாம்பரம் வளர்த்து, கட்டி, காலை ரயிலுக்கு வரும் பெண்களிடம் விற்பவர். நாங்கள் வந்த வருடம் பூ குறைந்தது. மண் புளித்திருக்கும், சுண்ணாம்பு போட்டால் சரியாகும் என்றார் அப்பா.

“மண்ணு புளிக்குமா? இன்னா அண்ணாத்தே, தோச மாவா அது?” என்று சிரித்தார் கன்னியம்மாள். பிறகு என்னிடம் திரும்பி, “இன்னா பாப்பா, உங்க ஊர்ல செடிங்களுக்கு வெத்தல பாக்கும் வெப்பீங்களா?” என்றார். கேலிதான், ஆனாலும் அப்பா பாத்தியெங்கும் சுண்ணாம்பு தூவியபோது தடுக்கவில்லை. கடல் கடந்து வந்தவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நம்பினார். அப்பாவும் இங்கே மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அந்நிய ஊரில் நாலு பேர் பார்க்க மண்ணைத் தின்னக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

சில வாரங்களில் கனகாம்பரத்தின் கொழுந்துகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையெல்லாம் மஞ்சள். தமிழ் வகுப்பில் பசலை என்று நான் படிக்கும் நிறத்தை முதல்முறையாகக் கண்ணால் கண்டேன். கன்னியம்மாள் புதிதாக வந்த தொழிற்சாலையைத் திட்டினார். “கம்பெனிப் பொகதான் எல்லாத்தையும் பேஜாரு பண்ணுது!” அதைக் கேட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி பரவியதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கல்லூரிக்குப் போகும்போது, பாதி காலியான அவருடைய கூடையைக் கடக்க முடியாமல் நடைமேடையின் மறுகோடிக்கு நடந்தேன்.

வேதியியல் படிக்கும் தோழி வசந்தா, மண்ணின் புளிப்பையும் காரத்தையும் நிறத்தால் காட்டும் சோதனைத் தாள்களைக் கொடுத்தாள். கிணற்று நீர் கூடாது, அதுவே நிறத்தை மாற்றிவிடும். மழைநீரில் மண்ணைக் கலக்கி, தெளியவிட்டு, தெளிவில் தோய்க்க வேண்டும் என்று எச்சரித்தாள். இரண்டு தம்ளர் வைத்தேன். ஒன்றில் கன்னியம்மாளின் பாத்தி மண். மற்றதில், ரோஜாப் பதியனோடு அப்பா மலையிலிருந்து பால்மா டின்னில் சுமந்து வந்த மண். பதியன் வழியிலேயே பட்டுப்போயிற்று, மண்ணை மட்டும் அவர் கொட்டவில்லை. மலைமண்ணில் தோய்ந்த தாள் ஆரஞ்சாயிற்று. பாத்தி மண்ணில் தோய்ந்தது கருநீலமானது. யாரும் கைவைக்காத வேலியோரத்து மண்ணைச் சோதித்தாலும் நீலம்தான். சுண்ணாம்பு கேட்காத மண்ணுக்குச் சுண்ணாம்பு கொடுத்திருந்தோம்.

அப்பா இரண்டு தாள்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “நம்ம ஊரு மண்ணுதான் புள்ள எனக்குத் தெரியும்” என்றார். நான் தடுக்குமுன் எழுந்து கிணற்றடிக்குப் போனார். அங்கே பெண்கள் கூடி நிற்கும் வேளை. தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லோர் முன்னும், பூச்செடியைக் கெடுத்தது தன் சுண்ணாம்பு என்றார்.

“அடப்பாவி அண்ணாத்தே! கம்பெனிக்காரன் மேல மண்ண வாரித் தூத்திக்கினு இருந்தேனே, அத்த உன் தலமேல இல்ல தூத்தியிருக்கணும்!” கன்னியம்மாளின் குரலுக்குக் கிணற்றடியே சிரித்தது. ஒருத்தி, “சிலோன் சுண்ணாம்பு” என்றாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அதுவே பெயர். எங்கள் வீட்டுக்கு வழி கேட்டாலும் அதைத்தான் சொல்லுகிறார்கள். குனிந்து நின்ற அவருக்காகக் கூசினேனா, அவரால் கூசினேனா என்று இன்றும் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியபின் கன்னியம்மாள் கேட்டது ஒன்றுதான்: “செடி பொழைக்குமா, அத்த சொல்லு.”

பிழைக்கும் என்று சொல்லும் துணிவு அப்பாவுக்கு இல்லை. “பாக்கிறேன் தாயி” என்றார். மேல்மண்ணைச் சுரண்டி அகற்றினோம். மக்கிய சாணமும் இலைச்சருகும் இட்டு, வசந்தா சொன்னபடி கொஞ்சம் கந்தகத் தூளைக் கலந்தோம். கிடைத்தபோதெல்லாம் மழைநீர். கார மண் மெல்லத்தான் இளகும் என்றாள் அவள். தாளின் நீலம் இன்னும் முழுதாக மாறவில்லை. அப்பா ரயிலடித் தேநீர்க் கடையில் சொல்லிவைத்து, வடித்த தேயிலைச் சக்கையைத் தினமும் வாங்கிவந்து கனகாம்பரத்தின் காலடியில் பரப்புகிறார். நீங்கள் அனுப்பிய பொட்டலத்தின் சக்கையும் அதில் சேர்கிறது. கன்னியம்மாள் பாத்தி வேலிக்கு அப்பால் நின்று பார்ப்பார்.

இன்று காலை ஒரு செடியருகே அமர்ந்தேன். அடியிலைகளில் நாங்கள் வருமுன் இருந்த கரும்பச்சை. நடுவில் எங்கள் சுண்ணாம்பின் மஞ்சள்; அந்த இலைகள் இனித் தேறா. நுனியில் மட்டும் ஒரு பச்சைக் கொழுந்து. மூன்றும் ஒரே தண்டில் நிற்கின்றன. மஞ்சள் இலைகளைக் கிள்ளிவிட நான் கை நீட்டினேன். “இருக்கட்டும் பாப்பா,” என்றார் வேலிக்கு அப்பாலிருந்து கன்னியம்மாள், “அதுவும் அந்தச் செடிதானே.”