முட்டுக்கட்டைக்கு நேரே நீண்ட பிஸ்தோல்

இடுப்பில் பிஸ்தோலைச் செருகிய முதல் நாள், நான் வாத்து மாதிரிதான் நடந்தேன்.

என் முதலாளி பாகூரில் பெரிய கரும்புக்காரர். ஊருக்கு மேர், அதாவது நகரசபைத் தலைவர் ஆகத் தேர்தலில் நின்றார். எதிராளிகள் கத்தியோடு அலைவதாகப் பேச்சு. எனக்குச் சிலம்பம் தெரியும் என்று காவலுக்கு வைத்துக்கொண்டார்.

பிடிக்குள் செருகும் மகசினில் குண்டு போட்டிருந்தேன், சுடும் குழலில் ஏற்றவில்லை. முதலாளி அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாடா, ஒரு கையில என்னப் புடிச்சிகினு இன்னொரு கையால எப்படி ஏத்துவ? அவன் காத்துகினு இருப்பானா?"

"தவறி வெடிச்சா மொதல்ல போறது ஏந்தொடைங்க."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசையை முழுக்க மூடும்படி தோலுறை தைத்து வாங்கினேன். குண்டில்லாத பிஸ்தோலில், குண்டை அடிக்கும் சுத்தியைப் பின்னுக்கு இழுத்து வைத்து, அதோடு சைக்கிள் மிதித்தேன், கரும்பு வண்டியில் குலுங்கினேன். வீடு திரும்பியதும் சுத்தி தானாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளும் விழவில்லை. வெளியே உருவும்போது ஆள்காட்டி விரல் விசையைத் தொடாமல் நீட்டி நிற்கவும் பழகினேன்.

"சோத்துல கைய வச்சாலும் ஒத்த வெரலு நீட்டிகினு இருக்குதே, இன்னா கருமம் இது?" என்று என் மனைவி பட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வில்லியனூர் தேர் அன்றுதான் முதல்முறையாகக் குழலில் குண்டேற்றிப் புறப்பட்டேன். வெற்று உடம்பு, இடுப்பில் துண்டு, அதற்கடியில் பிஸ்தோல். முதலாளியோடு வடம் பிடித்து இழுத்தபோது பயமே இல்லை. நெஞ்சு முழுக்கக் கும்மாளம்!

தெருமுனையில் முதலாளி வடத்தை விட்டு ஒதுங்கி நின்று வியர்வை துடைத்தார். திடீரென்று ஒருவன் கூச்சல் போட்டுக்கொண்டு அவர்மேல் பாய்ந்தான். ஓங்கிய கையில் ஏதோ இருந்தது. என் பிஸ்தோல் அவன் நெஞ்சுக்கு நேரே நீண்டுவிட்டது.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. முதலாளியைப் பிடித்துத் தள்ளினான். கையிலிருந்த முட்டுக்கட்டையைச் சக்கரத்தடியில் போட்டான். அவர் நின்ற இடத்தின்மேல் ஏறித் தேர் நின்றது.

"யோவ், செவுடா நீ? தேரு திரும்புறது தெரியல?" என்று முதலாளியைத் திட்டினான். தேருக்குக் கட்டை போடும் கோவிந்தன் அவன்.

என் விரலைப் பார்த்தேன். விசையைத் தொடாமல் நீட்டியபடியே இருந்தது. பிஸ்தோலைத் திரும்ப உறைக்குள் செருகித் துண்டை இழுத்து மூடினேன்.

பிஸ்தோல் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கைக்கு முன்னால் விரலைப் பழக்குங்கள். அன்று இரவும் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டுதான் சோறு தின்றேன். நடந்ததைக் கேட்ட பட்டம்மா அந்த விரலை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.