சிவப்பு வராத டிஸ்ப்ளே கார்டு

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததற்கு அவர்தான் காரணம். சென்னையில் வேலை பார்த்த என் தம்பி தன் பழைய கம்ப்யூட்டரை மாற்றப்போகிறான் என்று தெரிந்ததும், "அதைத் தூரப் போட்றாதீங்க மாப்ளே, இங்கன அனுப்புங்க" என்று போனில் சொல்லிவிட்டார். லாரி ஆபீசில் போய் அவரே இறக்கிக்கொண்டு வந்தார்.

கேள்வித்தாள் அடிக்க அது போதுமானதாகத்தான் இருந்தது. பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் தோழி, பாபநாசம் மலையில் எடுத்த செடிகளின் படங்களை ஒரு சி.டி.யில் போட்டு அனுப்பியபோதுதான் சங்கடம் வந்தது. எங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது மொத்தம் பதினாறு நிறங்கள். இல்லாத நிறங்களையெல்லாம் அது புள்ளிகளை இறைத்து ஒப்பேற்றியது. காற்றில் கலைந்த கோலப்பொடி மாதிரி ஒவ்வொரு செடியும் திரையில் வந்து நின்றது. எது இலை, எது பூ என்று எனக்கே குழப்பம்.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரிடம் போய்ச் சொன்னோம்.

"கம்ப்யூட்டர் மேல குத்தமில்ல டீச்சர். உள்ள இருக்க டிஸ்ப்ளே கார்டு பழசு. அதுல மெமரி பத்தாது. வேற கார்டு போட்டா லட்சக்கணக்குல கலர் வரும்" என்றார் அவர்.

"லட்சக்கணக்குலயா?" என்று என் கணவர் ஆச்சரியப்பட்டார். "அத்தனைக்கும் பேர் வச்சிருக்கானா அண்ணாச்சி?"

"பேர் எதுக்கு சார்? எல்லாத்துக்கும் நம்பர்தான்."

கார்டை வாங்கி வந்த சனிக்கிழமை எனக்குக் கல்லூரியில் சிறப்பு வகுப்பு. நான் வரும்வரை பொறுக்க என் கணவரால் முடியவில்லை. எதையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடவேண்டும் அவருக்கு. பெட்டியின் மூடியைக் கழற்றி, தூசியை ஊதிவிட்டு, பழைய கார்டை உருவியிருக்கிறார். அது ஒரு ஸ்கேல் நீளம் இருந்ததாம். புதியது அதில் பாதிகூட இல்லை. "பைய அமுக்குங்க, உள்ள போயிரும்" என்று கடைக்காரர் சொல்லித்தான் விட்டிருந்தார். ஆனால் கார்டு எளிதில் இறங்கவில்லை. அழுத்தினால் அடியில் இருக்கிற பலகை வளைகிறது, எங்கே முறிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே ஒருவழியாக இறக்கிவிட்டார். கூட வந்த ஃபிளாப்பியைப் போட்டு, சொன்ன இடத்திலெல்லாம் மௌஸை அழுத்தி, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார்.

முதலில் அவர் திறந்தது வெட்சியின் படத்தை. எங்கள் பக்கம் இட்லிப்பூ என்போம். பழைய காலத்து வீரர்கள் மாடு கவரப் போகும்போது சூடிய பூ என்று வருடாவருடம் அவர் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. மாலையில் கட்டியதைப் பார்த்திருக்கிறாரே தவிரக் காட்டில் செடியோடு பார்த்ததில்லை. படம் வழுவழுவென்று வந்துவிட்டது. புள்ளிகள் போய்விட்டன. ஆனால் பூவைக் காணவில்லை. படத்தின் கீழே சிவந்த பூ என்று ஆங்கிலத்தில் குறிப்பு மட்டும் இருந்தது. அடுத்து ஒரு பழம், சிவந்த பழம் என்று குறிப்பு இருந்தும் அதிலும் சிவப்பில்லை. கார்டு பழுது என்று முடிவு செய்து, கழற்றி எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டார்.

கடைக்காரர் தன்னுடைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இருந்தாலும் வேறொரு கார்டு கொடுத்தார். அதை வீட்டில் போட்டும் பூ வரவில்லை என்று என் கணவர் போன் செய்ததும், ஒருவேளை மானிட்டர் வயரில் கோளாறோ என்று அவரே வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டார். நான் வகுப்பு முடிந்து வந்தபோது, பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், நீங்களே வந்து சொல்லுங்க. சார் சிவப்பு வரலைன்னு சொல்லுதாவ. ரெண்டு கார்டு மாத்தியாச்சு."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தேன். கரும்பச்சைப் புதர் முழுக்கக் கொத்துக்கொத்தாகச் சிவப்பு. அந்த மலைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அங்கே பார்த்த அதே சிவப்பு.

"வந்திருக்கே" என்றேன்.

"எங்கன வந்திருக்கு?"

"பூ பூரா சிவப்பாத்தானே இருக்கு."

"ஏளா, நீ செடி படிச்சவ. இதுக்குப் பூ சிவப்புன்னு உனக்கு முன்னாலயே தெரியும். அதான் உனக்குத் தெரியுது."

"நான் எங்க சார் செடி படிச்சேன்? எனக்கும் தெரியுதுல்லா" என்றார் கடைக்காரர்.

விளையாடுகிறாரோ என்று என் கணவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. "பூ எதுன்னு கையை வச்சுக் காட்டுங்க" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ரொம்பக் கிட்டே போய், வெயில் பட்டு மினுங்கிய ஒரு இலைக்கொத்தின் மேல் விரலை வைத்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கார்டு நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நிறக்குருடு தாய் வழியாக மகனுக்கு வரும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். அதை அன்று என் கணவரிடமே சொல்லவேண்டி வந்தது. கூடவே பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. தக்காளி வாங்கிவரச் சொன்னால் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார். ஒரு தடவை அரையாண்டுத் தேர்வுத்தாள் முழுவதையும் பச்சை மையில் திருத்திவிட்டார். பச்சை மை தலைமையாசிரியருக்கு உரியது. அவர் கூப்பிட்டு, "நீர் எப்பவே ஹெட்மாஸ்டர் ஆனீரு?" என்று கேட்டது அந்தப் பள்ளியில் ரொம்ப நாள் வேடிக்கைக் கதையாக இருந்தது. பேனா மாறிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லாருமே நினைத்தோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் திரையை மறுபடி பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் இத்தனை வருசமா பாத்துக்கிட்டிருக்கது என்ன கலரு?"

எனக்கும் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. கம்ப்யூட்டரில் படம் வரைகிற புரோகிராம் ஒன்று இருந்தது. அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண் கொடுத்து எந்த நிறத்தையும் உண்டாக்கலாம். இடது பக்கம் துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு கட்டம் போட்டேன். வலது பக்கம் பச்சையை எடுத்துக்கொண்டு எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, இரண்டும் ஒன்றாகும்போது சொல்லச் சொன்னேன்.

"இன்னும் ஒளி கொறையணும். இன்னும். ம்... போதும், நிறுத்து. ரெண்டும் ஒண்ணாயிட்டு."

எனக்கு ஒன்று துரு, மற்றது மாவிலை. அவருக்கு நடுவில் கோடே இல்லை. அந்தப் பழைய பதினாறு நிறக் கார்டில் இதைச் செய்தே இருக்க முடியாது. அதற்குப் பிறகு கல்லூரி விட்டு வந்தால் எங்களுக்கு இதே வேலையாகிவிட்டது. நான் இட்லிப்பூவின் சிவப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் மறித்துவிடுவார். "எனக்குச் சிவப்பே இல்லைன்னு சொல்லாத. என்கிட்டயும் ஒரு சிவப்பு இருக்கு. உனக்குக் காட்டத்தான் வழியில்ல."

அந்த மாதமே, கல்லிடைக்குறிச்சியில் நெல் வியாபாரம் செய்துவந்த அவருடைய தாய்மாமா ஒரு கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டை வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் கணவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒன்றுமே சொல்லாமல் வெட்சிப் படத்தைத் திறந்தார்.

"மாமா, இதுல பூ எங்கன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

மாமா திரையைப் பார்க்கவில்லை. மருமகனைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, உனக்குமா?"

இளவயதில் அவருக்கு ரயில்வேயில் வேலை கிடைப்பதாக இருந்து தட்டிப்போனது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சிபாரிசு இல்லாததால் போயிற்று என்றுதான் குடும்பத்தில் பேச்சு. "டாக்டரு புள்ளிப்புள்ளியா ஒரு புஸ்தகத்தை விரிச்சு, இதுல என்ன நம்பர்னு கேட்டாரு. நம்பர் எங்கன இருக்குன்னு நான் அவர்ட்ட கேட்டேன்" என்றார். "வீட்ல எப்படிச் சொல்ல? கண்ணு சரியில்லன்னா பொண்ணு குடுப்பானா எவனும்? உங்கம்மைட்டகூட நான் சொன்னதில்ல லே."

துருவும் மாவிலையும் இருந்த கட்டங்களை என் கணவர் அவருக்குக் காட்டினார். மாமா பார்த்துவிட்டு, "ஒரே கலருதான்" என்றார்.

"இவ ரெண்டுங்கா மாமா."

"ரெண்டா? ஏளா, நல்லாப் பாத்துச் சொல்லு" என்று மாமா என்னிடம் திரும்பினார். நான் ரெண்டு என்றுதான் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு மாமா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். எண்களை என் கணவர் மாற்ற, மாமா "நிறுத்து, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறுகிறது என்று நான் எத்தனை தடவை கூப்பிட்டும் இருவரும் எழுந்திருக்கவில்லை.