கம்பியில்லாமல் அடித்த மணி

இது கட்டிச் சொன்னதில்லை, நடந்தது. பேய் என்றாலே நடுராத்திரி, நாய் ஊளை என்று கேட்டுப் பழகியவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். நடந்தது பட்டப்பகலில், சாப்பாட்டு வேளையில், திருப்பதி அலிபிரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில். 1998, மே மாதம். நம்பாதவர்கள் நகரிக்குப் போய் சுலோசனாவைக் கேட்டுக்கொள்ளலாம். போனை எடுத்தது அவள்தான்.

தேவேந்திரன் நகரிக்காரன். தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் ஃபயர் அலாரம் வேலை பார்த்தவன். அடுத்த வாரம் துபாய் பயணம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருக்கிற நாளிலாவது வீட்டில் இருந்தால் என்ன என்று அன்று காலை பத்மினி கெஞ்சினாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான். எப்படியாவது நேரத்தோடு வீடு போய்ச் சேர வேண்டும், அவன் மனதில் அன்று இருந்தது அது ஒன்றுதான்.

லாட்ஜில் தீ இல்லாமலே மூன்றாம் மாடி மணி அடிக்கிறது என்று புகார். மேனேஜர் ரங்கையா ஒவ்வொரு முறையும் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எந்த ஊரிலும் தீயைப் பார்க்க யாரும் ஓடுவதில்லை, சத்தத்தை நிறுத்தத்தான் ஓடுகிறார்கள்.

மூன்றாம் மாடியைக் காலி செய்ய வைத்தார்கள். எந்த டெஸ்டிங்குக்கும் முன்னால் செய்வதுபோல், மணி அடிக்கும், பயப்படாதீர்கள், யாரும் மேலே வராதீர்கள் என்று தேவேந்திரன் எல்லோரிடமும் சொல்லி வைத்தான். கூட இருந்தது அவன் அக்கா புருஷன் சம்பத். அந்தக் கட்டடத்துக்கு வயரிங் செய்தவனே அவன்தான்.

கீழே இருந்த அலாரம் பேனலைத் திறந்ததும் தேவேந்திரனுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு மாடியிலும் சீலிங்கில் இருக்கும், புகையைக் கண்டுபிடிக்கிற டிடெக்டர்களுக்கு ஒரு ஜோடி கம்பி போகும். அதன் கடைசி டிடெக்டரில் ஒரு சின்ன ரெசிஸ்டர் போட வேண்டும். நடுவில் கம்பி அறுந்தால் பேனல் காட்டிக் கொடுப்பது அதை வைத்துத்தான். மூன்றாம் மாடிக்கான ரெசிஸ்டர் பேனலிலேயே சொருகியிருந்தது. மேலே போகும் கம்பி டேப் சுற்றி ஓரமாகத் தொங்கியது.

சீலிங்கில் எங்கோ கம்பி அறுந்துவிட்டது, ஓனர் திறப்பு விழா என்று கழுத்தில் கத்தி வைத்தார், அதனால்தான் என்று சம்பத் தலையைச் சொறிந்தான். அந்த மாடியே எரிந்தாலும் இந்தப் பேனல் எல்லாம் நலம் என்றுதான் காட்டும்.

"அப்ப மேல தூங்கினு இருக்கறவங்க கதி இன்னா மாமா?"

சம்பத் தொங்கிய கம்பியைப் பேனலுக்குள் தள்ளி மறைக்கப் பார்த்தான்.

தேவேந்திரன் எரிச்சலோடு ரெசிஸ்டரைப் பிடுங்கினான். இப்போது கோளாறு என்று மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. சிவப்பு எரிந்தது. மூன்றாம் மாடி, தீ. மணி அலறியது. மேலிருந்து ஒரு கம்பிகூட வரவில்லை. ரெசிஸ்டர் அவன் உள்ளங்கையில் இருந்தது.

பேனல் கெட்டுவிட்டது என்றான் சம்பத். இருக்கலாம். ஆனால் இந்த மாதிரி பேனல் எந்த மாடி என்று மட்டும்தான் சொல்லும், எந்த அறை என்று சொல்லாது. விளக்கு எரிகிற டிடெக்டரை நடந்துதான் தேட வேண்டும். தேவேந்திரன் மேலே போனான்.

வராண்டாவில் முடி பொசுங்குகிற நாற்றம். புகை இல்லை. கடைசி அறை மட்டும் திறந்திருந்தது. உள்ளே சீலிங்கில் சிவப்புப் புள்ளி. ஸ்டூல் போட்டு ஏறி, டிடெக்டரைத் திருகிக் கழற்றினான். கையில் வந்த பிறகும் அது எரிந்துகொண்டிருந்தது...

கதவு சாத்திக்கொண்டது.

முதல் அடி பிடரியில் விழுந்தது. ஸ்டூலோடு சரிந்தான். திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. ஏதோ ஒன்று தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதியது. மறுபடியும் மோதியது. பல் உடைந்து தொண்டைக்குள் போனது.

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கொதிக்கும் கை. தோல் உரிந்தது. கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கியது... எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது.

தவழ்ந்து போய்க் கதவை அறைந்தான். கத்தினான். யாரும் வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்னவனே அவன்தானே.

கீழே யாரோ பொத்தானை அமுக்கினார்கள். மணி நின்றது.

அறைக்குள் அடியும் நின்றது.

வெளியே... வராண்டாவில்... காலடிச் சத்தம். பிறகு ஒரு குரல். அவனுடைய குரல்.

"டெஸ்டிங்தான் மாமா. யாரும் மேல வராதீங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

குரல் சம்பத்துக்கும் கேட்டது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேலாகியும் படியில் யாரும் இறங்கி வராததால் சந்தேகப்பட்டு மேலே போனான். கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது, நீக்கி உள்ளே போய் அவனைத் தூக்கினான். தேவேந்திரன் ஆஸ்பத்திரி வேண்டாம், போன் வேண்டும் என்றான். நகரியில் பக்கத்து வீட்டு சுலோசனாவின் நம்பரைப் போடச் சொன்னான்.

தேவேந்திரன் பேசுகிறேன் என்றதும் அவள் யார் விளையாடுவது என்று அதட்டினாள்.

"அவரு வந்து அர மணி நேரமாவுது. கதவ சாத்திக்கினாரு. பத்மினி உள்ள இருந்து தட்டிக்கினே கீது. வேல நடக்குது, யாரும் வராதீங்கன்னு சொல்லிட்டாரு."

பஸ்ஸில் வந்தால் இரண்டு மணி நேரம் ஆகும் ஊர் அது.

"கதவ ஒடைங்க," என்றான் தேவேந்திரன்.

தறிக்காரர்கள் நாலு பேர் உடைத்தார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தது. பத்மினி ரத்தத்தில் கிடந்தாள். வேறு யாரும் இல்லை. ஒரே ஜன்னல், அதிலும் கம்பி. யாரும் வெளியே போனதைத் தெருவே பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது தேவேந்திரன் கையில் கட்டோடு எதிரே நின்றான். வெகுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"இத வெளிய அனுப்பும்மா. என் வீட்டுக்காரரு இன்னும் வரல."

தேவேந்திரன் துபாய் போனான், வந்தான். பத்மினி அந்த வீட்டில்தான் இருக்கிறாள், இன்னும் வராத புருஷனுக்காகக் காத்துக்கொண்டு. ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் சுலோசனா வீட்டில் தங்கிவிட்டுப் போகிறான்.