எல்லையில் ஒரு கிணறு

1955 முதல் எங்கள் வீட்டில் இருபது சுவர்க்கடிகாரங்கள் ஓடின. கூடத்தில் ஒன்பது, இரண்டாம் கட்டில் ஆறு, நான் படுக்கும் அறையில் ஐந்து. ஒன்றுகூட எங்களுக்காக வாங்கியதல்ல. எல்லாம் கடையில் விற்காமல் வீட்டுக்குத் திரும்பியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போய் ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுப்பார். ஓடாமல் விட்டால் எண்ணெய் இறுகிவிடும், இறுகிய கடிகாரத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்பார். ஓடினாலும் யாரும் வாங்கவில்லை என்பதை நாங்கள் சொல்வதில்லை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. கப்பலில் வரும் பிரெஞ்சுச் சாமான்கள்: செண்ட், பேனா, கண்ணாடிக் கோப்பைகள், கடிகாரம். சுங்கம் இல்லாத விலை என்பதால் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போகப்போகிறார்கள் என்று உறுதியானபோது, இனிமேல் சரக்கு வராது, கையில் இருப்பதற்கு விலை ஏறும் என்று அப்பா கணக்கிட்டார். கடனுக்கு வாங்கிக் கடையை நிரப்பினார். அந்தத் தெருவில் இருந்த அத்தனை கடைக்காரர்களும் அதையேதான் கணக்கிட்டிருந்தார்கள். 1954 முடிவதற்குள் தெரு முழுவதும் ஒரே சரக்கு. கடன் கொடுத்தவர்கள் நெருக்கியதும் ஒருவரை முந்தி ஒருவர் விலையை இறக்கினார்கள். செண்டும் பேனாவும் அடிமாட்டு விலைக்குப் போயின. கடிகாரங்களும் கோப்பைகளும் விற்காமல் தங்கிவிட்டன.

மறு ஆண்டு கடனை அடைக்க அப்பா வீட்டை எழுதிக் கொடுத்தார். அடமானம் அல்ல. எங்கள் ஊரில் வழக்கத்தில் இருந்த மீட்புக் கிரயம். வீட்டை விற்றுவிடுவது, ஐந்து ஆண்டுக்குள் அதே தொகையை முழுதாகத் திருப்பிக் கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம், ஒரு நாள் தவறினாலும் வாங்கியவருக்கே சொந்தம். வாங்கியவர் ஓர் அரிசி மண்டிக்காரர். அதுவரை நாங்கள் அதே வீட்டில் அவருக்கு வாடகை கொடுத்துக் குடியிருக்கலாம் என்று பத்திரத்தில் இருந்தது. நான் பிறந்த வீட்டில் நான் வாடகைக்கு வந்தது இப்படித்தான்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. பெண்கள் பள்ளியில் ஆசிரியை. அதற்கு முன் இரண்டு இடங்களிலிருந்து பெண் பார்த்துப் போயிருந்தார்கள். வீடு கைமாறியது தெருவுக்குத் தெரிந்த பிறகு யாரும் வரவில்லை. அம்மாவும் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள். என் சம்பளம் வந்ததும் முதலில் வாடகை, பிறகு வீட்டுச் செலவு, மிச்சம் தபால் ஆபீஸில் சேமிப்பு. இந்த வரிசையை நான் ஒரு மாதமும் மாற்றியதில்லை.

இரண்டாம் வருடம் அப்பா, சேர்ந்த வரையில் கொடுத்துவிட்டால் மனம் இலேசாகும் என்று மண்டிக்காரரிடம் போனார். நானும் உடன் போனேன்.

"இது இன்னா வட்டிக்கடையா முசியே, கொஞ்சம் கொஞ்சமா வாங்கறதுக்கு?" என்றார் மண்டிக்காரர். ஊரில் மதிப்பானவர்களை இன்னும் பிரெஞ்சு வழக்கப்படி முசியே என்றுதான் அழைத்தார்கள். குரலில் கோபம் இல்லை. "பத்திரத்துல முழுசுன்னு இருக்குது. முழுசா கொண்டாங்க, அன்னிக்கே எழுதித் தந்துடறேன். டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. நான் அதைச் சொன்னேன். 

என் அறையைப் பற்றி எழுத வேண்டும். அது முன்பு என் அறையாக இருந்தது. பிறகு சரக்கு அறை ஆயிற்று. கோப்பைகள் இருந்த மரப்பெட்டிகள் கூரை வரை. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே என் பாயை விரிக்க இடம் இருந்தது, திரும்பிப் படுக்க இடம் இல்லை. பெட்டிகள் எடுக்க அப்பா எந்த நேரமும் வருவார் என்பதால் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் கோப்பைகளில்தான் நாங்கள் ரசம் குடித்தோம். "வெள்ளக்காரன் சாராயம் குடிக்கிறதுல நாம மெளகு ரசம் குடிக்கிறோம். இதுக்குத்தானா இம்மாம் பெரிய கப்பல்ல வந்திச்சி" என்று அம்மா சொல்வாள். அவள் சிரிக்கவைத்த நாட்களும் உண்டு என்பதற்காக இதைக் குறிக்கிறேன்.

பெரும்பாலும் அவள் கேட்டது ஒரே கேள்வி: எங்கே போனாய்? பள்ளி விட்டதும் நான் ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போனேன். அது வீட்டுக்குத் தெரியும். ஆனாலும் வழியில் கடற்கரைப் பக்கம் கொஞ்சம் நடந்து வந்தால் அம்மா வாசல் நடையிலேயே நிற்பாள்.

"ஆறு அடிச்சி எம்மாம் நேரம் ஆச்சி தெரியுமா?"

"இங்கதாம்மா, பக்கத்துலதான். கடிகாரம் முன்னாடி ஓடுது."

"ஒண்ணு ஓடும். இருபதும் சேந்து முன்னாடி ஓடுமாடி?"

அவை எல்லாம் சேர்ந்து அடிப்பதில்லை. ஒன்று முடிக்கும்போது இன்னொன்று தொடங்கும். மணி பன்னிரண்டு என்றால் அந்த வீட்டில் அது முடிய நெடுநேரம் ஆகும்.

எங்கள் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்தவள் என்னைவிட இளையவள், கணவனை இழந்தவள். மாமியார் வீட்டிலிருந்து அவள் வெளியேற வழி தேடிக்கொண்டிருந்தாள். உழவர்கரையில் ஒருவர் தம் நிலக்கடலைக் காட்டை, எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொல்லையை, மனை மனையாகப் பிரித்துத் தவணைக்கு விற்கிறார் என்று செய்தி கொண்டுவந்தவள் அவள்தான். ஒரு சனிக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தோம். சிவப்பு மண், ஓரத்தில் முந்திரி மரங்கள். அடுத்தடுத்த இரண்டு மனைகளுக்கு முன்பணம் கொடுத்தோம்.

அவள் ஒரு குச்சியை எடுத்து இரண்டு மனைக்கும் நடுவில் நட்டாள். "டீச்சர், நடுவுல சுவரு வேணாம். எல்லையில ஒரே கெணறா வெட்டிக்கலாம். இந்தப் பக்கம் நீங்க எறைங்க, அந்தப் பக்கம் நான் எறைக்கறேன். செலவும் பாதி, பேச்சுக்கும் ஆளு ஆச்சி."

"கெணத்தடிக்கு என் பக்கம் சிமெண்டு போடுவேன்" என்றேன் நான்.

"போடுங்க, போடுங்க. என் பக்கம் சேறா இருக்கும். நீங்க வந்து திட்டிட்டுப் போங்க."

என் மனைக்கு நான் வரைந்த திட்டம் சிறியது. ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் ஒரு சார்ப்பு. அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். தவணைப் பணம் முழுவதும் மாலைப் பாடத்தின் வருமானத்திலிருந்து வந்தது; சம்பளத்தில் தொடவில்லை. கடைசித் தவணை பெரியது. 1961 பொங்கலுக்குள் கட்டவேண்டும்.

இதை நான் மறைக்கவில்லை. முன்பணம் கொடுத்த மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் அப்பா, அம்மா இருவரிடமும் சொன்னேன். முதலில் இந்த வீட்டை மீட்பேன், பிறகு அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு போவேன், வாரம் தவறாமல் வந்து பார்ப்பேன், செலவுக்குத் தருவேன் என்றேன்.

அம்மா பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒழவரகரையிலயா? நரி ஊளையிடற எடத்துல தனியா இன்னாடி பண்ணுவ? கல்யாணமாயி தனிக்குடித்தனம் போனவங்களயே ஊரு பேசுது. கல்யாணமே ஆவாம தனிக்குடித்தனம் போறவள இப்பதான் பாக்கறேன்."

"பக்கத்து மனையில தையல் டீச்சர் இருப்பாங்கம்மா."

"ரெண்டு தனியாளு சேந்தா ஒரு குடும்பம் ஆயிடுமா?"

அப்பா தலையை மட்டும் அசைத்தார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாக, 1960இல், தொகை முழுதாகச் சேர்ந்தது. எங்கள் ஊரில் சொத்துப் பத்திரங்களை எழுதுபவர் நொத்தேர். அவர் அலுவலகம் கால்வாய்க்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுத் தெருக்களில் இருந்தது. மண்டிக்காரர் வந்திருந்தார். அப்பா வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். சாட்சிகளாக இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு மண்டிக்காரர் கையெழுத்திட்டார். என் தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்தது போல் இருந்தது. எழுந்துகொள்ளப் போனேன்.

"இருமா" என்றார் அப்பா. "இன்னொண்ணு இருக்குது."

நொத்தேர் இரண்டாவது பத்திரத்தை எடுத்தார். அது முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. முதலில் பிரெஞ்சில் படித்தார், பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னார். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு தகப்பனுடையது. அவர் விரும்பியவருக்கு எழுதலாம். அப்பா வீட்டை எனக்குத் தானமாக எழுதியிருந்தார். அவரும் அம்மாவும் உயிரோடு இருக்கும்வரை அனுபவ உரிமை அவர்களுக்கு. நான் அவர்களுடன் அதே வீட்டில் இருந்து பராமரித்து வரவேண்டும். இது நிபந்தனை.

தானத்தைப் பெறுபவர் வாயால் ஏற்றுக்கொண்டால்தான் அந்தப் பத்திரம் செல்லும். நொத்தேர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மத்மோசேல், நீங்க இதை ஏத்துக்கறீங்களா?"

மண்டிக்காரர் கைகளைக் கூப்பிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எந்த அப்பாவுக்கு மனசு வரும், டீச்சரம்மா? பொம்பளப் புள்ளைக்கி எழுதறாரே! நீங்க கொடுத்து வெச்சவங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று நான் யோசித்தேன். அந்த நான்கு பேர் முன்னால் அவர் கொடுத்ததை மகள் வேண்டாம் என்றாள் என்று ஆகும். ஐந்து வருடமாக அவர் அந்த மண்டிக்காரருக்கு முன் தலை குனிந்து நின்றதை நான் பார்த்திருந்தேன். இன்றுதான் முதல் முறையாக நிமிர்ந்திருந்தார்.

"ஏற்கிறேன்" என்றேன்.

தானம் பெறுபவரே பதிவுச் செலவைக் கட்டவேண்டும் என்றும் நொத்தேர் விளக்கினார். தொகையைச் சொன்னார். என்னிடம் இருந்தது உழவர்கரைக்கான கடைசித் தவணை மட்டும். அதைக் கொடுத்தும் போதவில்லை; மீதியைக் கைமாற்றாக வாங்கிக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தாள். "ஒனக்குன்னு ஒரு வூடு வேணும்னு கேட்டியே. பாத்தியா, ஆயிடுச்சி" என்றாள். அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் மகிழ்ச்சி உண்மையானது. 

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். "எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்ப" என்றார். பிறகு, "நான் போயிட்டா ஒன்ன யாரும் வெளிய போன்னு சொல்லக் கூடாது பாரு" என்றார்.

இந்த இரண்டு வாக்கியங்களில் எதற்காக அவர் எழுதினார் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். என் பாதுகாப்புக்காகவா, நான் போகாமல் இருப்பதற்காகவா? இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தன. பிரித்து எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

பொங்கலுக்கு முன் உழவர்கரைக்குப் போனேன். கொல்லைக்காரர் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். மனையை விட்டுவிடுகிறேன் என்றதும் அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "ஏம்மா, ஊரே இந்தப் பக்கம் வந்துக்கினு இருக்குது, நீங்க திரும்பிப் போறீங்களே?" என்றார். வேறு ஆள் வந்ததும் என் தவணைகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், சொன்னபடி தந்தார். அந்தப் பணமும் பதிவுச் செலவுக்குக் கைமாற்றாக வாங்கியதை அடைக்கப் போயிற்று. தையல் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொந்த வூட்டுக்காரி ஆயிட்டீங்க, இனிமே எங்ககூடவா பேசப் போறீங்க?" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

1962இல் அவள் புதுமனை புகுவிழாவுக்குப் போனேன். ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் சார்ப்பு. நான் வரைந்ததைப் போலவே இருந்தது. என் மனையில் யாரோ மில் தொழிலாளி ஒருவர் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார். கிணறு எல்லையில் இல்லை. அவள் மனையின் நடுவில், வீட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்தாள். நாங்கள் குச்சி நட்ட இடத்தில் இப்போது வேலி இருந்தது. கிணற்றைச் சுற்றி அவள் சிமெண்டு போட்டிருந்தாள்.

"பாத்தீங்களா, சேறு இல்ல" என்றாள்.

"திட்ட வந்தேன், வேலை இல்லாம போச்சு" என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் வீட்டுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டினாள். புதுத் தாழ்ப்பாள், கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. நானும் ஒரு முறை போட்டுத் திறந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா முக்காலியைக் கூடத்தின் நடுவில் வைத்தார். ஏறவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, சாவியை என்னிடம் நீட்டினார்.

"இனிமே நீயே பாத்துக்கம்மா. ஒன் வூடுதானே."

நான் முக்காலியில் ஏறினேன். வாசல் பக்கத்துக் கடிகாரத்தில் தொடங்கி வலமாகச் சுற்றி வருவது அவர் வழக்கம். நானும் அப்படியே தொடங்கினேன். கூடத்தில் ஒன்பது, இரண்டாம் கட்டில் ஆறு, என் அறையில் ஐந்து. கடைசிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் நான்கு தெரிந்தன. முதல் கடிகாரம் மணி ஒன்பது அடிக்கத் தொடங்கியது. எல்லாம் அடித்து முடியும்வரை முக்காலி மேலேயே நின்றேன்.