என் மனைவியின் டெலஸ்கோப்

போன கிழமை என் சொந்த வீட்டு வளவிலிருந்தே நான் துரத்தப்பட்டேன். துரத்தியவள் என் மனைவி. காரணம்... என் கையிலிருந்த போன் டோர்ச்.

இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனை ஒரு பொட்டு வெளிச்சத்துக்காக உள்ளே போகச் சொல்வதா?

முதலிலிருந்தே சொல்கிறேன். என் மனைவி ஸுலைஹாவின் தம்பி கட்டாரில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது ஒரு டெலஸ்கோப் கொண்டுவந்தான். ஒரு கிழமை நிலாவைப் பார்த்தான். பிறகு பெட்டியில் போட்டு எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். நான் அதை மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை.

இப்போது இரண்டு மாதமாக, இஷா தொழுது, கோப்பைகளைக் கழுவி வைத்ததும் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போகிறாள். புத்தளம் களப்புக் காற்று அதை ஆட்டுகிறதாம். அதனால் அதன் மூன்று காலுக்கும் நடுவில் ஐந்து கிலோ உப்பைப் பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கண் கூசாமலிருக்க, டோர்ச்சின் முகத்தில் கடையில் தரும் சிவப்பு சொப்பின் பேக்கைச் சுற்றியிருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது? தானே யோசித்துச் செய்தாளாம். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள்.

அரை மணி, முக்கால் மணி... ஒரு சத்தமில்லை. திரும்பி வரும்போது முகத்தில் மெல்லிய ஒரு சிரிப்பு. என்ன பார்த்தாய் என்று கேட்டால் "பார்த்தேன்" என்பாள். அவ்வளவுதான்.

எனக்குப் பொறாமை. மறைக்கவில்லை — சரியான பொறாமை. ஓர் ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டால்கூட நியாயம் இருக்கும். ஒரு குழாயைப் பார்த்தா? என்னோடு பேசும்போது அந்தச் சிரிப்பு கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

போட்டிக்கு இறங்கினேன். அவள் பார்க்கிற திசைக்குப் போனைப் பிடித்தேன். சனிக்கிரகம் என்று ஆப் சொன்னது. மறுநாள் காலை, பாணும் பருப்பும் சாப்பிடும்போது, சனிக்கிரகத்தின் கலர் படம் ஒன்றை அவள் முன்னால் நீட்டினேன். விண்கலம் பக்கத்தில் போய் எடுத்த படம். உன் குழாயில் இவ்வளவு தெரியுமா என்று கேட்டேன்.

"வடிவாத்தான் இரிக்குது," என்று சொல்லிவிட்டுப் பருப்பை என் பக்கம் தள்ளினாள்.

அன்று ராத்திரிதான், அவள் பார்க்கும்போதே ஒரு போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போடலாம் என்று டோர்ச்சை அடித்தபடி போனேன். வெளிச்சம் நேராக அவள் கண்ணில். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷமாவது வேண்டுமாம். அது ஒரு நொடியில் போயிற்று.

"உள்ள போங்க," என்றாள்.

போனேன். ஆனால் விடவில்லை. அவள் வந்ததும் கேட்டேன்: அங்கே என்ன தெரிகிறது என்று எனக்கு ஏன் சொல்கிறாயில்லை? நான் என்ன பிறத்தியானா?

கதிரையில் உட்கார்ந்தாள். "சொன்னா வெள்ளிக்கிழம பேப்பர்ல வரும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியில் பழைய ஒன்றை நினைவுபடுத்தினாள். கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சவனில், அவளுடைய பள்ளிக்கூடக் கூட்டாளி சாப்பிட்ட விதத்தைப் பற்றியது. வீட்டில் அவள் என்னிடம் சொல்லிச் சிரித்ததை நான் அப்படியே எழுதிவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அதைத் திரும்பவும் இங்கே சொல்லப்போவதில்லை.

நான்தான் பெயர் போடவில்லையே என்றேன்.

"புத்தளத்துக்குப் பேர் வேணுமா? அவ இண்டைக்கும் என்னோட கதைக்கிறதில்ல. உங்களுக்கு அது ஒரு கிழமைக் கதை. எனக்கு இருந்தது ஒரே ஒரு கூட்டாளி."

அந்தக் குழாய் அவளிடம் எதையும் கேட்டதில்லை. எங்கேயும் போய்ச் சொன்னதுமில்லை. நான் இரண்டையும் செய்கிறவன். இத்தனை வருஷமாக என்னிடம் பேசும்போதெல்லாம், எது அச்சில் வரும், எது வராது என்று பார்த்துப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

அடுத்த நாள் ராத்திரி போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வளவுக்குப் போனேன். இன்னொரு கதிரையைப் போட்டு இருந்தேன். பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். பாலாவிப் பக்கமிருந்து லொறிச் சத்தம் வந்தது. நுளம்பு கடித்தது, அடிக்கக்கூட இல்லை. அரை மணிக்குப் பிறகு அவள் எழும்பி எனக்கு இடம் விட்டாள்.

"கண்ண இறுக்காதீங்க. அவசரப்படாம பாருங்க."

குனிந்தேன்... எழும்ப மனம் வரவில்லை.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். கேட்டுவிட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. முதலில் அந்தக் கூட்டாளியின் வீட்டுக்குப் போகச் சொன்னாள். போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்தார், சிரிக்கவில்லை. எழுதவும் சம்மதம் தந்தார். பிறகு ஸுலைஹா தன் நிபந்தனையைச் சொன்னாள்: என் பிழைகள் எல்லாவற்றையும் எழுதலாம், அன்று ராத்திரி பார்த்ததை மட்டும் எழுதக் கூடாது.

ஆகவே, குழாய்க்குள் என்ன தெரிந்தது என்று யாரும் எனக்குக் கடிதம் போடாதீர்கள். உங்களுக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.