கோல் அடித்தவனின் சொந்தப் பெயர்

எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் இடதுபக்கம் விளையாடியவன் சென்ற மாதம் நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் இறந்தான். கிரியை பிற்பகல் ஒரு மணிக்கு. அன்று காலை பத்து மணிக்கே நான் புருசெத்தில், எங்கள் பழைய கப்டனின் வீட்டில் இருந்தேன். இரண்டு வீட்டுக்கும் இடையே பேருந்தில் சில நிமிடங்கள்தான். முப்பது வருடங்களாக அவர்கள் கதைத்ததில்லை.

"நான் வரேல்லை," என்றான் கப்டன். "கால் ஓடாட்டிலும் அவன்ரை வாய் ஓடும். அந்த வாயாலை போனதுதான் என்ரை தோள்."

போர்க்காலத்து யாழ்ப்பாணம் அது. பருவத்தைப் பதினாறு பேருடன் தொடங்கினோம். நான் முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்து வெளியே வந்தேன். இருவர் கொழும்புக்குப் போனார்கள். ஒருவன் ஷெல் விழுந்து இறந்தான். பூட்ஸ் ஏழு சோடிதான் இருந்தன, இடைவேளையில் மாற்றிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல்நாள் பெயர்ப்பட்டியலை ஆமிக் காம்பில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். கப்டன் கையெழுத்திட வேண்டும். அரையிறுதிக்கு முந்திய கிழமை எங்கள் ஆட்டக்காரன் ஒருவன் இயக்கத்துக்குப் போய்விட்டான். பட்டியலில் அவன் பெயரை வெட்டினால், ஏன் என்று கேட்டு ஆமி அவன் வீட்டுக்குப் போகும். வீட்டில் தாயும் தங்கையும். எனவே கப்டன் அந்தப் பெயரை அப்படியே விட்டு, பட்டியலில் இல்லாத வேறொருவனை அந்தப் பெயரில் இறக்கினான். நடுவருக்கும் எதிரணிக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பந்து கேட்கும்போதும் இல்லாதவனின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவன் அப்படி இறங்கியவன்தான். இப்போது இறந்திருப்பவனும் அவன்தான்.

உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஆட்டச் செய்தி எழுதுவது நான். பெயரில் பிழை விட்டதில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது. அன்றும் பிழை விடவில்லை. கோல் அடித்தவனின் சொந்தப் பெயரை, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு எழுதினேன். பட்டியல் என் நினைவுக்கே வரவில்லை. செய்தி நான்கு வரி.

செய்தியைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆமிக்காரர் இரண்டு நாள் கழித்துக் கப்டனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவனின் வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. அந்தத் தாயும் மகளும் வன்னிக்குப் போய்விட்டார்கள். பிறகு தகவல் இல்லை. இறுதியாட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. எதிரணி மைதானத்தில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனதாம்.

கப்டன் திரும்பிய அன்று, எல்லோர் முன்னிலையிலும், கோல் அடித்தவனைக் காட்டி என்னிடம் கேட்டான்: "பேரை அவனோ தந்தவன்?"

"ஓம்," என்றேன்.

"இல்லையடா," என்று கோல் அடித்தவன் இரண்டு தரம் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. மூன்றாம் தரம் அவன் சொல்லவில்லை.

இப்போது புருசெத்தில், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"மச்சான், அவன் தரேல்லை."

"எதை?"

"பேரை. நானாத்தான் எழுதினனான். நீ கேக்கேக்கை பயத்திலை பொய் சொன்னனான்."

ஜன்னலுக்குக் கீழே பனி வழிக்கும் வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"பேப்பர்க்காரன் எண்டு சொல்லித் திரிஞ்சனி," என்றான் கப்டன். "ஒரு வரி திருத்தம் போட உனக்கு இவ்வளவு காலமோ? அதுவும் அவன் செத்தாப் பிறகு."

எழுந்து கறுப்பு ஜாக்கெட்டை எடுத்தான். வழக்கமாக அவனுடைய வலது கையை நுழைக்க நான்தான் பிடித்துக் கொடுப்பேன். எழுந்தேன்.

"இரு."

சுவரில் சாய்ந்து, இடது கையால் இழுத்து, மூன்றாவது முயற்சியில் போட்டுக்கொண்டான். சப்பாத்தை மாட்டினான். கதவைத் திறந்த பிறகு, திரும்பாமல் சொன்னான்:

"அங்கை நீ வராதை. போகேக்கை கதவை இழுத்துச் சாத்து, தானாப் பூட்டும்."