சட்டைப் பையில் இருந்த சீட்டு

அலுவலகத்தில் அவருக்கு ‘ரெண்டு தடவை’ என்றுதான் பெயர். அணுமின் நிலையக் குழாய்கள் சூட்டில் எவ்வளவு நீளும், எந்த வளைவில் எவ்வளவு அழுத்தம் ஏறும் என்று கணக்குப் போடும் இன்ஜினியர் அவர். போட்ட கணக்கை, முதல் விடையைப் பார்க்காமலே மறுபடியும் போடுவார். வீட்டிலும் அதே கூத்துதான். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் திரும்ப மாடியேறுவார். “கதவு எங்கயும் ஓடிப்போகாது, வாங்க” என்று கீழேயிருந்து மனைவி கத்துவார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? இந்த மனுஷன் சறுக்கியதை அடுத்தவர் தலையில் அல்லவா கட்டினார்!

பெரிய நீராவிக் குழாய்களை ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருப்பார்கள். சோதனைக்குத் தண்ணீர் நிரப்பும்போது பாரம் கூடுமே என்று, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் இரும்புப் பின் செருகிப் பூட்டி வைப்பார்கள். சோதனை முடிந்ததும் பின்னை உருவிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூடாகும் குழாய்க்கு நகர இடமிருக்காது. அன்று ஏணியில் ஏறி உருவியவர் ‘ஒட்டடைக்குச்சி’ என்று எல்லோரும் கூப்பிடும் ஒப்பந்த ஃபிட்டர். இறங்கி வந்து ஒரு சீட்டை நீட்டினார்.

“எல்லாம் எழுதியிருக்கேன் சார், பாத்துக்குங்க. நாளைக்கு எனக்கு லீவு.”

இவர் போனில் இருந்தார். மறுமுனையில் மேனேஜர், கையெழுத்து இன்றைக்கே வேண்டும் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். சீட்டைச் சட்டைப் பையில் போட்டார். முழங்கால் வலி வேறு. கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு ஸ்பிரிங்குக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். ஒரு தடவைகூட ஏறிப் பார்க்கவில்லை.

மறுநாள் சூடேற்றியதும் குழாய் நகர வழியில்லாமல் பக்கத்துத் தாங்கியை வளைத்துவிட்டது. எரிபொருள் ஏற்றாத நேரம், ஆட்களுக்கும் அடியில்லை. ஆனால் வேலை மூன்று வாரம் நின்றது, விசாரணை வந்தது. தாங்கி வளைந்த அன்று சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போட்ட மனைவி, “இது வேணுமா பாருங்க” என்று சீட்டைக் கொடுத்தார்.

‘அஞ்சாவது பின் வரல. சூடு ஏத்த வேணாம்.’

விசாரணையில் ஃபிட்டர், “சீட்டு குடுத்தேன் சார், இவரு கையிலதான்” என்றார். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள்.

“ஞாபகம் இல்ல.”

“‘ரெண்டு தடவை’யே இல்லன்னு சொன்னா, அப்படி ஒரு சீட்டு இல்லவே இல்ல” என்றார் மேனேஜர். அந்த வாரமே ஃபிட்டரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

சீட்டை அவர் கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்கும் துணிச்சல் இல்லை. சூத்திரப் புத்தகத்துக்குள் பதினொரு வருஷம் கிடந்தது. புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் வெட்கத்தில் காது சுட்டது. ஓய்வுபெறும் நாளில் அதே மேனேஜர், “ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தவறவிடாத ஆளு” என்று புகழ, எல்லோரும் கைதட்டினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

மறுநாள், நடந்ததையெல்லாம் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, ஃபிட்டரைத் தேடிப் போனார். வீட்டு வாசலிலேயே பம்பு பழுதுபார்க்கும் பட்டறை. ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினார். தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“வீட்ல எந்தச் சண்டை வந்தாலும் கடைசில அந்தப் பின்னுதான் சார் வரும். ‘மறந்துட்டுப் பொய் சொன்ன ஆளுதானே நீ’ன்னுவா. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமாவே எழுதினேனா, எழுதின மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு.”

“என்னை மன்னிச்சிருங்க.”

ஃபிட்டர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். ஈரக் கையோடு வந்த அந்த அம்மாளிடம் சீட்டைக் கொடுத்தார்.

“இவகிட்ட சொல்லுங்க சார்.”

“அவர் மறக்கலம்மா. எழுதித்தான் குடுத்தாரு. நான்தான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மறைச்சிட்டேன்.” தலை நிமிரவில்லை.

அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றார் ஃபிட்டர்.